ரிசார்ட்டில் கயிறு இழுத்தோம், யார்டில் சண்டை தீரவில்லை: டீம் பில்டிங் என்று வேறு என்ன செய்யலாம்?

மணலி_யார்டு

எல்லோருக்கும் வணக்கம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி அடுக்கி வைத்து, கஸ்டம்ஸ் வேலை முடிந்ததும் பார்ட்டிக்கு, அதாவது சரக்குக்குச் சொந்தக்காரருக்கு, அனுப்பி வைக்கிற இடம்.

எங்களிடம் இரண்டு கூட்டம். ஏசி அறையில் உட்கார்ந்து டெலிவரி ஆர்டர், கேட் பாஸ் எல்லாம் பார்க்கிற டாக்குமென்டேஷன் ஆட்கள் 14 பேர். வெயிலில் நின்று பெட்டியை ஏற்றி இறக்குகிற யார்டு ஆட்கள் 28 பேர், அதில் 17 பேர் கான்ட்ராக்ட். இந்த இரண்டு தரப்புக்கும் ஆகவே ஆகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸிலிருந்து லிஸ்ட் வரும், இந்த 20 பெட்டியும் ராத்திரிக்குள் வெளியே போக வேண்டும் என்று. யார்டில் பார்த்தால் அதில் பாதி நாலு அடுக்கில் அடியில் கிடக்கும். ஒன்றை எடுக்க மேலே இருக்கிற மூன்றை இறக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். டிரெய்லர்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஆபீஸ் ஆட்கள் யார்டு ஆட்களைச் சோம்பேறி என்பார்கள், யார்டு ஆட்கள் ஆபீஸ் ஆட்களைத் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள். நடுவில் நான்.

போன வருடம் நிர்வாகம் எங்களை ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை. டீ ஷர்ட், பலூன், கண்ணைக் கட்டி நடத்திக்கொண்டு போவது, கடைசியில் கயிறு இழுக்கும் போட்டி. யார்டு ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம். யார்டு ஒரே இழுப்பில் இழுத்துவிட்டது. 'ஏசியில உட்கார்ந்தா இப்படித்தான்' என்று ஒருவர் கத்தினார். ஆபீஸ் பையன் ஒருவனுக்கு உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம். மறுநாள் திங்கட்கிழமை லிஸ்ட் ஏழு மணிக்கு வந்தது.

இந்த வருடத்துக்கு 25,000 ரூபாய் கொடுத்து, நீயே ஏதாவது பிளான் போடு என்று மேனேஜர் என்னிடம் விட்டிருக்கிறார். மறுபடியும் அதே தப்பைச் செய்ய எனக்கு மனதில்லை. செய்து பார்த்து பலன் கண்டவர்கள் சொல்லுங்கள்.

வியாசை_பந்து

அண்ணா, விளையாட்டைக் குறை சொல்லாதீர்கள், பிரித்த விதம்தான் தப்பு. ஏற்கெனவே முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு கூட்டத்தை எதிரெதிராக நிறுத்தினால் சண்டைதான் வரும். வியாசர்பாடியில் சின்ன வயதிலிருந்து பந்து ஆடுகிறவன் நான். எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் மேட்ச் என்றால் அடிதடியில்தான் முடியும். அதே பசங்களைக் கலந்து நம்பர் போட்டுப் பிரித்தால், நேற்று அடித்தவனுக்கே இன்று பாஸ் கொடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை.

ஐந்து பேர் அணியாகக் கலந்து ஆட விடுங்கள். மணலியிலேயே டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) கிடைக்கும், ஈசிஆர் வரைக்கும் போக வேண்டாம்.

மணலி_யார்டு

தம்பி, கலந்து பிரிப்பது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பந்து எல்லோருக்கும் ஆகாது. பெட்டியைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டியின் ஆபரேட்டர் ஒருவருக்கு 54 வயது, நாள் முழுக்க அந்த வண்டியில் உட்கார்ந்து இடுப்பு போனவர். டாக்குமென்டேஷனில் ஆறு பேர் பெண்கள், ஒருவர் கர்ப்பிணி. விளையாடுகிற பத்து பேருக்காக மீதி முப்பது பேர் ஓரத்தில் நின்று கை தட்டினால், அதை டீம் பில்டிங் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடலோரம்

காசிமேட்டுக்காரன். அப்பா கரைவலை, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற மீன்வலை, இழுத்தவர், நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தேன். அதனால் இந்தக் கயிறு விஷயத்தில் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

பிரான்ஸில் ரிங்கல்மன் என்று ஒரு விவசாயப் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து ஒவ்வொருவரும் எவ்வளவு பலம் போடுகிறார்கள் என்று அளந்தார். 1913இல் அதை வெளியிட்டார். தனியாக இழுப்பதை 100 என்று வைத்தால், இரண்டு பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 93தான் வந்தது. எட்டுப் பேர் ஆனபோது ஆளுக்கு 49. பாதி பலம் எங்கே போனது? ஒரே நொடியில் இழுக்காமல் ஆளாளுக்கு முன்னே பின்னே இழுப்பதில் கொஞ்சம் போகிறது. கூட்டத்தில் நாம் இழுக்காவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்பதில் மீதி போகிறது. 1974இல் இதையே வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டி, உனக்குப் பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்ப வைத்தார்கள். பின்னால் ஒருவரும் இழுக்கவில்லை. அப்போதும் அவர் பலம் குறைந்துதான் போனது.

இப்போது கரைவலைக்கு வாருங்கள். ஏலேலோ என்று ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஐலசா போடுவார்கள். அந்த ஐலசாவில்தான் எல்லோர் குதிகாலும் ஒரே நேரத்தில் மணலில் புதையும். அப்பா சொல்வார், பாட்டு நின்றால் வலை இரண்டு மடங்கு கனக்கும் என்று. சும்மா சொல்கிறார் என்று நினைத்திருந்தேன், படித்த பிறகுதான் அது கணக்கு என்று புரிந்தது. அப்புறம் இன்னொன்று, கரைவலையில் மீனுக்குப் பங்கு உண்டு. வலை நிறைந்தால் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரியும். உங்கள் ரிசார்ட் கயிற்றில் பாட்டும் இல்லை, பங்கும் இல்லை.

உங்கள் யார்டில் அந்த ஐலசா எது, எந்த நேரத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது, முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

ஆலைக்காரன்_பேரன்

நான் நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் வேலை பார்த்தவர் என் தாத்தா. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள் இல்லையா, வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் சேர்ந்து. அந்த ஆயிரக்கணக்கான ஆட்களை யாரும் ரிசார்ட்டுக்கு அழைத்துப் போகவில்லை. மதியம் சாப்பிடக் கொடுக்கிற நேரம் போதவில்லை என்கிற ஒரு குறைதான் அவர்களைச் சேர்த்தது.

28 பேரில் 17 பேர் கான்ட்ராக்ட் என்கிறீர்கள். அந்த 17 பேரும் ரிசார்ட்டுக்கு வந்தார்களா? டீ ஷர்ட் கிடைத்ததா? அதை முதலில் சொல்லுங்கள். 25,000 ரூபாயை ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தால்கூட சந்தோஷப்படுவார்கள்.

மணலி_யார்டு

கான்ட்ராக்ட் ஆட்கள் வரவில்லை. அழைக்கவில்லை என்பதுதான் உண்மை. பட்டியல் எச்ஆரிலிருந்து வந்தது, அதில் அவர்கள் பெயர் இல்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் அன்றைக்கு ஷிஃப்ட் பார்த்தார்கள். திங்கட்கிழமை எல்லோரும் புது டீ ஷர்ட்டில் வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கேட்டது சரியான இடத்தில் படுகிறது.

சம்பளம் என் கையில் இல்லை, அதற்கு நான் எழுதிக் கொடுக்கத்தான் முடியும். பணத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு 600 ரூபாய்கூட வராது, ராத்திரி ஏழு மணி லிஸ்ட்டும் அப்படியேதான் இருக்கும்.

மாதவரம்_எச்ஆர்

எச்ஆரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஒரு பெண்ணாகவும் இதைச் சொல்கிறேன், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். ஆறு நாள் வேலை செய்கிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்க, மாவு அரைக்க, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார. அதைப் பிடுங்கிக்கொண்டு ஒற்றுமையாக இருங்கள் என்றால் எப்படி? வேலை நேரத்துக்குள் வையுங்கள். நிர்வாகத்துக்கு இது அவ்வளவு முக்கியம் என்றால் இரண்டு மணி நேர வேலையை விட்டுக்கொடுக்கட்டும். அதைக் கேட்ட உடனே அவர்களுக்கு உண்மையில் எவ்வளவு அக்கறை என்பது தெரிந்துவிடும்.

வெளியூர் போவதாக இருந்தால் இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013ஆம் வருடத்தது, ஆபீஸ் நாலு சுவருக்குள் மட்டும் இல்லை. வேலை சம்பந்தமாகப் போகிற இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்கிற வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேர் இருந்தாலே உள் புகார்க் குழு இருக்க வேண்டும். ராத்திரி ரிசார்ட்டில் குடித்துவிட்டு ஆடுகிறவர்களுக்கு அது விளையாட்டு, எங்களுக்கு அது திரும்பி வருகிற வேனில் எந்த சீட்டில் உட்காருவது என்கிற யோசனை.

'உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத துக்கம் என்ன?' என்று வட்டமாக உட்கார வைத்துக் கேட்கிற பயிற்சியும் வேண்டாம். ஒரு முறை ஒரு பெண் அழுதுவிட்டாள். அவளுக்குக் கருக்கலைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வட்டத்தில் அவளை உட்கார வைத்தது நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஓடி_சிஸ்டர்

மாதவரம் அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு டீம் பில்டிங் என்று தனியாக எதுவும் கிடையாது, ஆனால் ஒரு பழக்கம் இருக்கிறது, அது உங்களுக்கும் உதவலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மொத்தம் 19 விஷயம். கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. பெரிய சர்ஜனும் சொல்ல வேண்டும், வந்து ஒரு வாரம் ஆன நர்ஸும் சொல்ல வேண்டும். எட்டு நாட்டில் எட்டு மருத்துவமனையில், டில்லியிலும் ஒன்று, இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் வந்தது. பெயர் சொன்னதால் மட்டும் அப்படி ஆகவில்லை, மீதி 18 விஷயமும் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை வாயைத் திறந்து பேசியவர்தான் அப்புறம் 'சார், இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம்' என்று சொல்வார். வாயே திறக்காதவர் தப்பு நடப்பதைப் பார்த்தாலும் பேசாமல் நிற்பார். நான் அப்படி நின்றிருக்கிறேன்.

உங்கள் ஆபீஸ்காரர்களுக்கு யார்டில் இருக்கிற எத்தனை பேருடைய பெயர் தெரியும்?

மணலி_யார்டு

சிஸ்டர், இன்று மதியம் சும்மா கேட்டுப் பார்த்தேன். 14 பேரில் 9 பேருக்கு ரீச் ஸ்டாக்கர் ஆபரேட்டர் பெயர் தெரியவில்லை. ஆறு வருடமாக அவருக்குத்தான் லிஸ்ட் அனுப்புகிறார்கள். 'ஆர்எஸ் அண்ணா' என்கிறார்கள். வண்டியின் பெயரைச் சொல்லி ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

பழைய_வெல்டர்

எண்ணூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு வெல்டிங் ஷாப்பும் பெயின்ட் ஷாப்பும் ஜென்மப் பகை. நாங்கள் வெல்டிங் போட்டு அனுப்பிய பாகத்தில் பெயின்ட் உரிந்து வருகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். பெயின்ட் சரியாக அடிக்கத் தெரியாமல் எங்கள் மேல் பழி போடுகிறார்கள் என்று நாங்கள்.

அப்போது குவாலிட்டி சர்க்கிள் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஜப்பானில் 1962இல் தொடங்கிய முறை அது, வேலை செய்கிறவர்களே சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்ப்பது. வெல்டிங்கில் மூன்று பேர், பெயின்ட்டில் மூன்று பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேலை நேரத்திலேயே. முதல் இரண்டு வாரம் கத்தல்தான். மூன்றாவது வாரம் பெயின்ட் ஷாப் ஆள் ஒருவர் உரிந்த பாகத்தை மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து, கட்டைவிரலை அந்த ஓரத்தில் மெதுவாக ஓட விட்டார். கடுகு மாதிரி ஒரு மணி தட்டுப்பட்டது. வெல்டிங் பொறி தெறித்து ஒட்டிக்கொண்டது. அதன் மேல் பெயின்ட் நிற்காது. 20 வருடம் வெல்டிங் போட்டவன் நான், அந்த மணியைப் பார்த்திருக்கிறேன், அது அடுத்த ஷாப்பில் ஒரு ஆளுக்கு ராத்திரி ஓவர்டைம் ஆகிறது என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அனுப்புவதற்கு முன்னால் சுரண்டிவிட்டுத் தடவிப் பார்ப்போம். அந்த ஆள் பிற்பாடு என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்.

தம்பி, ஆட்டம் பாட்டம் எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பிள்ளைகளை யார்டில் நிறுத்துங்கள். யார்டு ஆளை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வையுங்கள்.

பெரம்பூர்_கோடு

ஐடியில் இருக்கிறேன், பெரம்பூரிலிருந்து தினமும் ஓஎம்ஆர். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். விளையாட்டு தேவையில்லை என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். ஸ்பகெட்டி குச்சி 20, டேப் ஒரு கஜம், நூல் ஒரு கஜம், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், 18 நிமிடத்தில் உயரமான கோபுரம் கட்டு என்று ஒரு விளையாட்டு உண்டு. எம்பிஏ படித்தவர்களை விட எல்கேஜி குழந்தைகள் இதில் நன்றாகக் கட்டுகிறார்கள் என்பது பலமுறை பார்த்த விஷயம். பெரியவர்கள் யார் தலைவர் என்று பேசியே நேரத்தைக் கழித்து, கடைசி நிமிடத்தில்தான் மிட்டாயை மேலே வைப்பார்கள், கோபுரம் சரிந்துவிடும். குழந்தைகள் முதலிலேயே வைத்துப் பார்ப்பார்கள், விழுந்தால் மறுபடி கட்டுவார்கள். எங்கள் டீமில் இதைச் செய்தோம். முடிந்த பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்து, நம் வேலையில் கடைசி நிமிடத்தில் வைக்கிற மிட்டாய் எது என்று பேசினோம். அந்தப் பேச்சில்தான் பலன். பல கம்பெனிகளில் அதை விட்டுவிட்டு நேராக பிரியாணிக்குப் போய்விடுகிறார்கள்.

கூகுள் 2012இல் தன் 180க்கும் மேற்பட்ட அணிகளை எடுத்து ஆராய்ந்தது. எந்த அணி நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தால், யார் யார் அணியில் இருக்கிறார்கள் என்பதை விட, தப்பாகப் பேசிவிட்டால் அவமானப்படுத்துவார்களோ என்கிற பயம் இல்லாமல் இருப்பதுதான் முதலில் வந்தது. சிஸ்டர் சொன்னதும் இதேதான்.

ஆலைக்காரன்_பேரன்

நண்பரே, பயம் இல்லாமல் பேசு என்று 11 மாத கான்ட்ராக்ட்டில் இருக்கிறவனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் எப்படிப் பேசுவான்? அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்க மாட்டார்களே என்கிற பயம் மிட்டாய் கோபுரத்தில் போகாது.

பெரம்பூர்_கோடு

ஒத்துக்கொள்கிறேன். என் இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள், அதனால் நான் அதை யோசிக்கவில்லை. அந்த 17 பேரைச் சேர்க்காமல் எதைச் செய்தாலும் பாதிதான்.

கடலோரம்

ஆலைக்காரன் அண்ணனும் வெல்டர் ஐயாவும் சொன்னது ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. 1954இல் அமெரிக்காவில், ஓக்லஹோமாவில், ஷெரிஃப் என்கிற உளவியலாளர் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு குழுவாகப் பிரித்தார். போட்டி வைத்தார், அதில் கயிறு இழுப்பதும் ஒன்று. சில நாளில் ஒருவர் கொடியை இன்னொருவர் எரிக்கிற அளவுக்குப் பகை. அப்புறம் சமாதானப்படுத்தலாம் என்று சேர்ந்து படம் பார்க்க வைத்தார், சேர்ந்து சாப்பிட வைத்தார். சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள்! பிறகு முகாமுக்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, அடைப்பைத் தேடிச் சரிசெய்ய இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்று செய்தார். சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றார்கள். பசங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்னால் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செய்த பிறகுதான் பகை குறைந்தது. ஆராய்ச்சிக்காரர்களே சண்டையை மூட்டினார்கள் என்று அந்த ஆய்வின் மேல் விமர்சனமும் உண்டு. ஆனாலும் அந்தக் கயிற்றை என்னால் மறக்க முடிவதில்லை.

உங்கள் லாரி எது அண்ணா? என் கண்ணுக்கு அந்த ஆறு மணி லிஸ்ட்தான் லாரி.

கேரம்_மூலை

எல்லாம் சரி, ஆனால் 25,000 ரூபாயில் ஒரு நல்ல கேரம் போர்டு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். வட சென்னையில் இருந்துகொண்டு கேரமைப் பற்றி யாரும் பேசவில்லையே! நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இந்த ஆட்டத்துக்கு வயதும் வேண்டாம், ஷூவும் வேண்டாம். ஆணும் பெண்ணும் ஒரே போர்டில் உட்காரலாம்.

டபுள்ஸில் பார்ட்னர் எதிரே உட்காருவார், பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு பேரும் எதிரணி. அதனால் ஆபீஸ் ஒருவர், யார்டு ஒருவர் என்று ஜோடி போட்டால் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். என் காயை எடுக்க முடியாவிட்டாலும் எதிரே இருக்கிறவர் ஓரத்துக்கு எட்டுகிற மாதிரி தள்ளி வைக்கலாம். நாலு கேம் ஆடினால் அவர் எந்தக் கையில் எந்த ஆங்கிளில் பலசாலி என்று தெரிந்துவிடும். பத்து நிமிட டீ இடைவேளையில் முடியாத கேமை அப்படியே மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம்.

மணலி_யார்டு

எல்லோருக்கும் நன்றி. நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். ரிசார்ட் கிடையாது. இரண்டு வாரம், ஆபீஸ் ஆட்கள் ஒவ்வொருவராக ஒரு சாயங்காலம் இரண்டு மணி நேரம் யார்டில். யார்டு ஆட்கள், கான்ட்ராக்ட் உட்பட, ஒரு மதியம் இரண்டு மணி நேரம் ஆபீஸில். 42 பேருக்கும் அது முடியாது, அதனால் லிஸ்ட்டோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட 18 பேர் மட்டும். கேரம் போர்டு இரண்டு. மீதிப் பணத்தில் ஒரு புதன்கிழமை எல்லோருக்கும் சாப்பாடு, யார்டு ஷெட்டிலேயே. மேனேஜரிடம் கேட்டேன். வேலை நேரம் போகிறதே என்று முதலில் இழுத்தார். வாசலில் டிரெய்லர் நிற்கிற நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், சரி என்றார். முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

மணலி_யார்டு (ஐந்து வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள் வந்தது டாக்குமென்டேஷனில் ரொம்பக் கெடுபிடியான பெண். ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு யார்டில் நிறுத்தினேன். அவர் அனுப்பிய லிஸ்ட்டில் ஏழாவது பெட்டி, மூன்றாவது வரிசையில் தரையோடு இருந்தது. ஆபரேட்டர் அண்ணன் மேலே இருந்ததை ஒன்றொன்றாகத் தூக்கி, பின்னால் நகர்ந்து, திரும்பி, இடம் தேடி வைத்தார். மூன்று பெட்டி. அதற்குள் ஒரு டிரெய்லர் குறுக்கே வந்துவிட்டது, அது போகிற வரைக்கும் பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 26 நிமிடம். கடைசியில் கீழ்ப் பெட்டியின் நம்பரைப் பார்த்தால் லிஸ்ட்டில் இருந்தது இல்லை. நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும் இல்லையா, அந்தக் கட்டத்து எண் ஒத்துவரவில்லை. நடுவில் ஒரு 3ஐ யாரோ 8 என்று அடித்திருக்கிறார்கள். கட்டத்தில் இருக்கிற எண் மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, ஒன்று தப்பினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும், கம்ப்யூட்டரில் அதைச் சரிபார்க்கிற வசதியும் உண்டு. அவசரத்தில் வாட்ஸ்அப்பில் கையால் அடித்து அனுப்பியதால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. அவர் அண்ணனிடம் போய் 'சாரி அண்ணா, அடித்தது நான்தான்' என்றார். அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி, தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

அந்தப் பக்கமும் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் அண்ணன் ஆபீஸ் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அந்த மேசையில் போன் 40 தடவையாவது அடித்திருக்கும். கஸ்டம்ஸ் அவுட் ஆஃப் சார்ஜ், அதாவது சரக்கை வெளியே எடுக்கலாம் என்கிற அனுமதி, வராமல் லிஸ்ட் போட முடியாது, அது பெரும்பாலும் நாலரைக்கு மேல்தான் வருகிறது, ஏஜென்டுகளும் பார்ட்டிகளும் போனில் கத்துகிறார்கள். அவர் என்னிடம் வந்து சொன்னது: 'வேணும்னே லேட் பண்றாங்கன்னு ஆறு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.'

அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரே ஒரு வழி கண்டுபிடித்தார்கள், நான் சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, இன்றைக்கு வரலாம் என்று தோன்றுகிற பெட்டிகளின் பட்டியல் ஒன்று யார்டுக்குப் போகிறது. உறுதி இல்லை, உத்தேசம்தான். வேலை குறைவாக இருக்கிற அந்த நேரத்தில் அவற்றை மேலே எடுத்து வைத்துவிடுகிறார்கள். உத்தேசப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு தப்பாகத்தான் போகிறது. ஆனாலும் ராத்திரி வாசலில் நிற்கிற டிரெய்லர் குறைந்திருக்கிறது.

நம்பரைக் கையால் அடிப்பதை நிறுத்தியாயிற்று, சிஸ்டத்திலிருந்துதான் எடுத்து அனுப்புகிறார்கள்.

கேரம் போர்டில் ஒன்று ஷெட்டில், ஒன்று ஆபீஸில் போட்டது என் தப்பு. அவரவர் அவரவர் போர்டில் ஆடினார்கள். இரண்டாவது வாரம் ஆபீஸ் போர்டையும் ஷெட்டுக்கு மாற்றினேன், ஜோடி போட்டேன். ஆறு ஜோடி இப்போது தொடர்ந்து ஆடுகிறது. இரண்டு பேர் வருவதே இல்லை, அவர்களை வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டுக்கு 17 பேரும் வந்தார்கள். கான்ட்ராக்டர் அரை மணி நேரச் சம்பளம் பிடிப்பேன் என்றார், மேனேஜர் பேசிச் சரிசெய்தார். முதலில் அவர்கள் தனியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு நான் போய் நடுவில் உட்கார்ந்தேன், அப்புறம் கெடுபிடிப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. அந்த 17 பேருக்கும் கேன்டீன் டோக்கன் கிடையாது, வெளியே ரோட்டோரம்தான் சாப்பிடுகிறார்கள். அதற்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். எப்படி எழுதினால் எடுபடும்?

மாதவரம்_எச்ஆர்

அண்ணா, கருணையாக எழுதாதீர்கள். சாப்பிட வெளியே போய் வர எத்தனை நிமிடம் ஆகிறது, அந்த நேரத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து அந்தத் தாளை மேலே வையுங்கள். டிரெய்லர் கணக்குக்கு ஒப்புக்கொண்ட மேனேஜர் இதையும் படிப்பார். எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

ஆலைக்காரன்_பேரன்

அந்த 17 பேரில் ஒருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். அவர்கள் பெயர் வேண்டாம். நீங்கள் போடுங்கள்.

மணலி_யார்டு

சரி. நானும் ஆபரேட்டர் அண்ணனும் போடுகிறோம். அந்தப் பெண்ணும் போடுகிறேன் என்கிறார். திங்கட்கிழமையிலிருந்து நேரம் குறிக்க ஆரம்பிக்கிறோம்.